பின்னாடி வர்ற கார் கண்ணாடியில தெரியுதா? அமீரகத்து மணல் மேடுகளில் கான்வாய் ஓட்டுவது எப்படி

(இது எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கி, லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

இந்த ரீல்ஸை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஒரு பெரிய வெள்ளை எஸ்யூவி, எதிர்ல சிவப்பு மணல் மேடு. கார் சீறிக்கிட்டு மேல ஏறும், உச்சியில அந்தரத்துல பறக்கும், அந்தப் பக்கம் தொப்புனு விழும். பின்னணியில ஒரு மாஸ் பிஜிஎம். மொத்தமே பதினைஞ்சு செகண்ட்.

அந்த பதினைஞ்சு செகண்டைப் பார்த்துட்டு, துபாய்ல புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒருத்தர் ஃபோர்-பை-ஃபோர் ஒண்ணு வாங்கிட்டு நேரா பாலைவனத்துக்குக் கிளம்பினா என்ன ஆகும்? பெரும்பாலும் முதல் அரை கிலோமீட்டர்லயே நாலு டயரும் புதைஞ்சு உட்கார்ந்திருப்பார். அது நல்ல முடிவு. கெட்ட முடிவு என்னன்னா, அவர் பறந்து விழுற இடத்துல வேற ஒரு கார் ஏற்கனவே மாட்டிக்கிட்டு நின்னுட்டு இருக்கும்.

அதனாலதான் விஷயம் தெரிஞ்சவங்க யாரும் மணல் மேட்டுக்குத் தனியா போக மாட்டாங்க. ஏழெட்டு கார் வரிசையா, கான்வாயா போவாங்க. அந்த வரிசை எப்படி வேலை செய்யுது, ஏன் அவ்வளவு ரூல்ஸ், இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். நடுவுல நான் பண்ணின ஒரு தப்பையும் சொல்றேன்.

முதல் வேலை: காத்தை இறக்குறது

துபாய்ல இருந்து ஹத்தா போற ரோட்டுல, ஷார்ஜா எல்லைக்குள்ள அல் பதாயர்னு ஒரு இடம் வரும். அங்க இருக்கிற பெரிய செம்மணல் மேட்டை எல்லாரும் 'பிக் ரெட்'னு கூப்பிடுவாங்க. குளிர்காலத்துல சனி, ஞாயிறு காலையில அங்க போனீங்கன்னா ஒரு காட்சி பார்க்கலாம். ரோட்டோரமா கார்கள் வரிசையா நிக்கும். யாரும் ஓட்ட ஆரம்பிக்க மாட்டாங்க. எல்லாரும் டயர் பக்கத்துல குத்தவச்சு உட்கார்ந்திருப்பாங்க. எங்க பார்த்தாலும் 'உஸ்ஸ்ஸ்'னு சத்தம்.

ரோட்டுல ஓட்டும்போது டயர்ல 32, 35 பி.எஸ்.ஐ. காத்து இருக்கும். மணல் மேட்டுக்கு அதைச் சுமார் 12 முதல் 15 வரைக்கும் குறைப்பாங்க. காரோட எடை, டயரோட அளவைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும்.

ஏன்? காரோட எடையைத் தாங்குறது டயருக்குள்ள இருக்கிற காத்து. அந்த அழுத்தத்தைப் பாதியாக் குறைச்சா, அதே எடையைத் தாங்க டயர் தரையைத் தொடுற பரப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்காகணும். அதனால டயர் சப்பையாகி, முக்கியமா நீளவாக்குல, மணல் மேல படுத்துக்கும். எடை பரவிடும். புதையாது. ஒட்டகத்தோட பாதத்தைப் பார்த்திருக்கீங்களா? குதிரைக்கு இருக்கிற மாதிரி கெட்டியான குளம்பு கிடையாது. அகலமான மெத்தை மாதிரி இருக்கும், காலை ஊன்றும்போது விரிஞ்சு கொடுக்கும். நாம டயர்ல காத்தை இறக்கிப் பண்றதும் அதேதான்.

ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு. காத்து கம்மியா இருக்கிற டயர், ரிம்மை அவ்வளவு இறுக்கமாப் பிடிச்சிருக்காது. வேகமாப் போய்க்கிட்டே ஸ்டியரிங்கைச் சடார்னு திருப்பினா டயர் ரிம்மை விட்டுக் கழன்டுடும். இதை அங்க 'பாப்-அவுட்'னு சொல்வாங்க. அதனால மணல்ல எல்லாத் திருப்பமும் பெருசா, மெதுவா, வட்டமாத்தான் இருக்கணும். திரும்பவும் தார் ரோட்டுக்கு வந்ததும் கம்ப்ரஸரை எடுத்து முதல்ல காத்து அடிக்கணும். சப்பை டயரோட ஹைவேயில 100, 120-ல போனா பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிச்சிடும்.

மேட்டுக்கு ரெண்டு முகம்

தூரத்துல இருந்து பார்த்தா எல்லா மணல் மேடும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா பொதுவா ஒரு மேட்டுக்கு ரெண்டு பக்கம் உண்டு. காத்து வந்து மோதுற பக்கம் சாய்வு குறைவா இருக்கும். அங்க காத்து மணலைத் தட்டித் தட்டி இறுக்கிடுறதால ஓரளவு கெட்டியாவும் இருக்கும். உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் விழுற மணல் அப்படியே சரிஞ்சு குவியும். யாரும் அதை இறுக்குறதில்ல. அந்தச் சரிவு 32, 34 டிகிரி வரைக்கும் செங்குத்தா இருக்கும். காய்ஞ்ச மணல் அதுக்கு மேல நிக்காது, சரிஞ்சிடும். அங்க மணல் மாவு மாதிரி பொலபொலன்னு இருக்கும்.

அமீரகத்துல பலமா அடிக்கிற காத்து வடமேற்குல இருந்து வர்ற ஷமால். இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா ஒரு விஷயம் புரியும். காத்து போற திசையில போனா கெட்டிப் பக்கம் ஏறி, மெத்துப் பக்கம் இறங்குவீங்க. ஜாலியா இருக்கும். அதே வழியில திரும்பி வந்தா மெத்துப் பக்கம் ஏறணும். பல மேடுகள் ஏறவே விடாது. 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே, போன வழியிலேயே திரும்பிடலாம்'ங்கிற நினைப்பு மணல்ல செல்லாது. அனுபவசாலி லீட் உள்ள போகும்போதே வெளிய வர்ற வழியையும் யோசிச்சிருப்பார்.

இந்த மணல் கணக்கையெல்லாம் முதல்ல உட்கார்ந்து ஆராய்ஞ்சவர்கள்ல முக்கியமானவர் ரால்ஃப் பேக்னால்ட்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1920-கள்ல எகிப்துல வேலை பார்த்தார். லீவு கிடைச்சா நண்பர்களோட சாதாரண ஃபோர்டு கார்களை எடுத்துக்கிட்டு லிபியப் பாலைவனத்துக்குள்ள போயிடுவார். டயர்ல காத்தைக் குறைக்கிறது, புதைஞ்ச சக்கரத்துக்கு முன்னாடி இரும்புத் தகடு போட்டு வெளிய எடுக்கிறது எல்லாம் அவங்க பயணங்கள்ல தினசரிப் பழக்கம். இன்னைக்கு ஆஃப்ரோடு கார்களோட கூரையில கலர் கலரா மாட்டி வச்சிருக்காங்களே பிளாஸ்டிக் பலகை, அதுக்குத் தாத்தா அந்த இரும்புத் தகடுதான்.

இரண்டாம் உலகப் போர்ல, 1940-ல, இந்த அனுபவத்தை வச்சு லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்ங்கிற படைப்பிரிவை ஆரம்பிச்சார். மணல் காத்துல எப்படி நகருது, மேடு எப்படி உருவாகுதுன்னு 1941-ல ஒரு புத்தகமே எழுதினார். செவ்வாய்க் கிரகத்துல கியூரியாசிட்டி ரோவர் போய் ஆராய்ஞ்ச மணல் மேடுகளுக்கு நாசா வச்ச பேரு என்ன தெரியுமா? பேக்னால்ட் டியூன்ஸ்!

வரிசையில யார் யார்?

சரி, கான்வாய்க்கு வருவோம். முதல் கார் லீட். வழி தேடுறது அவர் வேலை. கடைசி கார் ஸ்வீப். யாரும் விட்டுப்போகாம பார்த்துக்கிறது அவர் வேலை. இந்த ரெண்டு இடத்துலயும் நல்ல அனுபவசாலிங்கதான் இருப்பாங்க. புதுசா வர்றவங்களை லீடுக்குப் பின்னாடியே போடுவாங்க. லீட் எந்த இடத்துல ஏறுறார், எந்த இடத்துல ஆக்ஸிலரேட்டரை விடுறார்னு கிட்ட இருந்து பார்க்கலாம்ங்கிறதுக்காக.

வண்டியெல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தருக்கும் நம்பர் கொடுத்துடுவாங்க. அந்த வரிசையைக் கடைசி வரைக்கும் யாரும் மாத்தக் கூடாது, முந்தக் கூடாது. முன்னாடி போன காரோட தடத்துலயே போகணும். தடம் இருக்குன்னா, அந்த வழியில ஒரு கார் பத்திரமாப் போயிருக்குன்னு அர்த்தம். பத்தடி தள்ளி நாமளே புது வழி போட்டா அங்க என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. மேட்டுக்குப் பின்னாடி பள்ளம் இருக்கலாம், புதர் இருக்கலாம், ஒட்டகம் படுத்திருக்கலாம்.

இதுக்கெல்லாம் மேல ஒரு ரூல் இருக்கு. முன்னாடி போற காரைப் பார்க்கிறது உங்க வேலை இல்ல, உங்களுக்குப் பின்னாடி வர்ற காரைப் பார்க்கிறதுதான் உங்க வேலை. கண்ணாடியில அவர் தெரியலைன்னா நீங்க நிக்கணும். நீங்க நின்னா உங்களுக்கு முன்னாடி இருக்கிறவர் கண்ணாடியில நீங்க தெரிய மாட்டீங்க, அவர் நிப்பார். அப்படியே அது லீட் வரைக்கும் போய்ச் சேரும். ரேடியோ வேலை செய்யலைன்னாலும் இந்தச் சங்கிலி வேலை செய்யும். கேட்க ரொம்ப சிம்பிள், இல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

உச்சியில மூணு செகண்ட்

மணல் மேடு ஓட்டுறதுல எல்லா ஆபத்தும் உச்சியில வந்து கூடுது. ஏறும்போது வேகம் வேணும். நடுவுல நின்னா புதைஞ்சிடும். ஆனா அதே வேகத்தோட உச்சிக்கு வந்தா ரீல்ஸ் மாதிரி பறப்பீங்க. பறக்கிற காரை ஸ்டியரிங்கும் கேக்காது, பிரேக்கும் கேக்காது. மூக்கு குத்தி விழுந்தா பம்பர், ரேடியேட்டர் போகும். முதுகெலும்புக்கும் உத்தரவாதம் கிடையாது.

அதனால உச்சியை நெருங்கும்போதே காலை மெல்ல எடுத்துடணும். கார் தன் வேகத்துல மீதி தூரம் ஏறி, மூக்கு மெதுவா அந்தப் பக்கம் சாயணும். ரொம்ப சீக்கிரம் காலை எடுத்தா கார் உச்சியிலேயே வயிறு தட்டி, முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம்னு தராசு மாதிரி உட்கார்ந்துடும். அவமானம்தான், ஆனா ஆபத்து குறைவு. 'பறக்கிறதா, மாட்டிக்கிறதா'ன்னு சந்தேகம் வந்தா மாட்டிக்கிறதைத் தேர்ந்தெடுங்க.

ஏற முடியாம பாதியிலேயே வேகம் செத்துடுச்சா? ஸ்டியரிங்கைத் திருப்பி இறங்கலாம்னு தோணும். அதை மட்டும் பண்ணாதீங்க. சரிவுல குறுக்கே திரும்பின கார் உருளும். ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்துலயே நேரா பின்னாடி இறங்கணும். செங்குத்துப் பக்கம் இறங்கும்போதும் அப்படித்தான், மூக்கு நேராக் கீழ பார்க்கணும். பின்பக்கம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போனா, பயத்துல பிரேக் அடிக்காம, ஸ்டியரிங்கைச் சரிவு பக்கம் திருப்பி லேசா ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா கார் மறுபடி நேராகும்.

இப்ப கான்வாய்க்கு இது எப்படிப் பொருந்துது? ஏறும்போது உங்க கண்ணுக்கு வானமும் பானெட்டும் மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் முன்னாடி போன கார் நிக்குதா, போயிடுச்சான்னு தெரியாது. அதனால அவர் இறங்கி, விலகி, 'கிளியர்'னு ரேடியோவுல சொல்ற வரைக்கும் நீங்க கீழேயே காத்திருக்கணும். கார்ல உயரமான கம்பு கட்டி ஆரஞ்சுக் கொடி பறக்கவிடுறதும் இதுக்குத்தான். கார் தெரியறதுக்கு முன்னாடியே மேட்டுக்குப் பின்னாடி கொடி தெரிஞ்சிடும்.

உச்சி வெயில் நேரத்துல இன்னொரு சிக்கல். நிழலே விழாது. மேடு, பள்ளம், கத்தி மாதிரியான விளிம்பு எல்லாம் ஒரே தட்டையா, ஒரே நிறமாத் தெரியும். அதனாலதான் அனுபவசாலிகள் காலை வெயிலையும் சாயங்கால வெயிலையும் விரும்புறாங்க. காலையில மணலும் கொஞ்சம் குளிர்ந்து இறுகியிருக்கும்.

நான் பார்க்காத கண்ணாடி

என்னோட முதல் டிரைவ். மார்ச் மாசம். மொத்தம் எட்டு கார், நான் நாலாவது. லீட் அண்ணன் இருபது வருஷமா அங்க இருக்கிற நம்ம ஊர்க்காரர். கிளம்பும்போதே ரெண்டு தடவை சொன்னார், 'கண்ணாடியைப் பாருங்க, கண்ணாடியைப் பாருங்க'ன்னு.

நான் பார்த்தது மூணாவது காரோட கொடியை மட்டும்தான். அவர் ஏறின இடத்துல ஏறணும், அவர் திரும்பின இடத்துல திரும்பணும், மாட்டிக்கிட்டு மானம் போயிடக் கூடாது. மண்டைக்குள்ள அது மட்டும்தான் ஓடுச்சு. ஒரு பெரிய பள்ளத்துல இறங்கி, ஏறி, இன்னொண்ணுல இறங்கி... செம குஷி.

திடீர்னு ரேடியோவுல அண்ணன் குரல். 'நாலு, தம்பி, அஞ்சு தெரியுதா?'

கண்ணாடியைப் பார்த்தேன். மணல். திரும்பிப் பார்த்தேன். அப்பவும் மணல்தான்.

அஞ்சாவது கார் ஒரு உச்சியில மாட்டிக்கிச்சு. அதுக்குப் பின்னாடி வந்த மூணு காரும் ரூல்படி நின்னுட்டாங்க. நான் மட்டும்தான் நிக்கலை. நான் நிக்காததால எனக்கு முன்னாடி இருந்த மூணு பேருக்கும் எதுவும் தெரியலை. கையில வச்சிருக்கிற சின்ன ரேடியோ நேர்கோட்டுல போறது. நடுவுல நாலஞ்சு மேடு வந்துட்டா குரல் போகாது. அவங்க கூப்பிட்டது எங்களுக்குக் கேக்கவே இல்ல.

அண்ணன் கத்தலை. எங்களை ஒரு உயரமான மேட்டு மேல வரிசையா நிறுத்தினார், கொடி தூரத்துல இருந்தே தெரியட்டும்னு. தேடப் போறதுக்கு ஒருத்தரைத் தனியா அனுப்பலை. அனுப்பினா அவரையும் தேட வேண்டி வரும். ரெண்டு காரா, வந்த தடத்தைப் பிடிச்சுத் திரும்பிப் போனாங்க. தடத்தைக் காத்து அழிக்க ஆரம்பிச்சிருந்தது.

எனக்கு அப்பதான் ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. அஞ்சாவது கார்ல ஒரு சின்னக் குழந்தை இருக்கு. அவங்க கார்ல இடமில்லைன்னு அவங்களோட தண்ணி கேஸை வாங்கி என் டிக்கியில வச்சது நான்தான்.

முக்கால் மணி நேரத்துல எல்லாரும் ஒண்ணு சேர்ந்துட்டோம். ஒண்ணும் ஆகலை. ஸ்வீப் கார்ல தண்ணி இருந்தது. குழந்தை மணல்ல வீடு கட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆனா அந்த முக்கால் மணி நேரம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதுவே ஜூலை மாசமா இருந்திருந்தா, 45 டிகிரிக்கு மேல வெயில் அடிச்சிருந்தா? அன்னைக்கு அண்ணன் திட்டவே இல்ல. 'அடுத்த தடவை நீ ஸ்வீப்புக்கு முன்னாடி ஓட்டுடா'ன்னு மட்டும் சொன்னார். பின்னாடி போனதுக்கு அப்புறம்தான் வரிசைன்னா என்னன்னே எனக்குப் புரிஞ்சுது. எங்கெல்லாம் வரிசை அறுந்துபோகப் பார்க்குதுன்னு அங்க இருந்து பார்த்தா நல்லாத் தெரியும்.

மாட்டிக்கிட்டா என்ன பண்றது?

மாட்டிக்கிறது தப்பே இல்ல. எல்லாரும் மாட்டுவாங்க. தப்பு என்னன்னா, மாட்டினதுக்கு அப்புறமும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறது. சக்கரம் சும்மா சுத்தச் சுத்தத் தனக்குத்தானே குழி தோண்டிக்கும். நகரலைன்னு தெரிஞ்ச அந்த நொடியே காலை எடுங்க.

அப்புறம் இறங்கிப் பாருங்க. வயிறு தட்டியிருந்தா அடியில இருக்கிற மணலையும், சக்கரத்தைச் சுத்தி இருக்கிற மணலையும் மண்வெட்டியால எடுங்க. தேவைப்பட்டா காத்தை இன்னும் ஒண்ணு ரெண்டு பி.எஸ்.ஐ. இறக்குங்க. வந்த தடத்துலயே ரிவர்ஸ் எடுத்துப் பாருங்க. பாதி நேரம் இதுலயே வெளிய வந்துடும்.

வரலைன்னாதான் கயிறு. இந்த இடத்துல கொஞ்சம் கவனமாக் கேளுங்க. மணல்ல பயன்படுத்துற நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீளும். நீண்டு, அந்த இழுவிசையாலதான் புதைஞ்ச காரை வெளிய எடுக்குது. அவ்வளவு விசை ஏறின கயிறு, மாட்டின இடத்தோட பிய்ச்சுக்கிட்டு வந்தா? ட்ரெய்லர் இழுக்கிறதுக்காகப் பின்னாடி உருண்டையா ஒரு இரும்புக் குண்டு இருக்குமே, அதுல கயிறு மாட்டவே கூடாது. அது இந்த மாதிரி திடீர் இழுப்பைத் தாங்குறதுக்காகச் செஞ்சது இல்ல. உடைஞ்சா கண்ணாடியைத் துளைச்சுக்கிட்டு உள்ள வரும். ஆஸ்திரேலியாவுல இப்படி உயிர்களே போயிருக்கு. மீட்புக்குன்னே சேஸிஸ்ல கொடுத்திருக்கிற கொக்கியில மட்டும் மாட்டுங்க. இழுக்கும்போது ரெண்டு டிரைவரைத் தவிர வேற யாரும் கயித்துப் பக்கத்துல நிக்கக் கூடாது, கயிறு நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தள்ளிப் போயிடணும். போன்ல வீடியோ எடுக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி

முதல் தடவை ஒரு குழுவோட போறீங்கன்னா அவங்ககிட்ட இதைக் கேளுங்க. ஸ்வீப் யார்? புதுசா வர்றவங்களுக்குத் தனி டிரைவ் இருக்கா? கிளம்புறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ரூல்ஸ் சொல்வாங்களா? ஒருத்தர் பயந்துட்டார்னா அவரை ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட ஆள் உண்டா? 'அதெல்லாம் எதுக்கு, வாங்க பார்த்துக்கலாம்'னு பதில் வந்தா, போகாதீங்க.

தண்ணியை ஒரே கார்ல வைக்காதீங்க, ஒவ்வொரு கார்லயும் இருக்கணும். எங்க போறோம், எப்ப வருவோம்னு வீட்ல ஒருத்தருக்காவது சொல்லுங்க. இன்சூரன்ஸ்ல ஆஃப்ரோடுக்கு கவர் இருக்கான்னு பாருங்க. எல்லாமே கைமீறிப் போச்சுன்னா காரை விட்டு நடக்க ஆரம்பிக்காதீங்க. மணல்ல மனுஷனைவிட காரைக் கண்டுபிடிக்கிறது சுலபம். போலீஸ் எமர்ஜென்சி நம்பர் 999.

அப்புறம், வழியில ஒத்தை மரம் ஒண்ணு பச்சையா நிக்கும். காஃப் மரம், அமீரகத்தோட தேசிய மரம். அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம வன்னி மரம்தான். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில்ல தல விருட்சமா நிக்குதே, அதே மரம். அவ்வளவு ஆழத்துல இருந்து தண்ணியை எடுத்து உயிரோட நிக்கிற மரத்தோட வேர் மேல காரை ஏத்தாம, சுத்திப் போங்க.

அடுத்த தடவை அந்தப் பதினைஞ்சு செகண்ட் ரீல் வந்தா, பறக்கிற காரைப் பார்க்காதீங்க. அதுக்குப் பின்னாடி கீழ வரிசையா காத்துக்கிட்டு நிக்கிற கார்கள் எங்கன்னு தேடுங்க. அவங்க ஃபிரேம்ல இல்லைன்னா, அந்த டிரைவரைப் பார்த்து ஓட்டக் கத்துக்காதீங்க.

நீங்க பாலைவனத்துல மாட்டிக்கிட்ட கதை ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும், கண்ணாடியைப் பாருங்க!